அப்பா வழியில் மச்சான், அம்மா வழியில் அண்ணன்: எந்த முறையை எடுப்பது?

கேள்வி: உவர்மலை வாசகி

வணக்கம். நாங்கள் திருகோணமலை நகரில் வசிக்கிறோம். மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம். பையனுடைய குடும்பம் மூதூர்ப் பக்கத்தைச் சேர்ந்தது. 2006ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து இப்போது தம்பலகாமத்தில் இருக்கிறார்கள். பையனின் தாயார் என் கணவருக்கு ஒன்றுவிட்ட தங்கை. அதாவது என் மாமியாரும் பையனுடைய அம்மம்மாவும் உடன்பிறந்த சகோதரிகள். அந்த வழியில் பையன் என் மகளுக்கு மச்சான் முறை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதை நம்பித்தான் பேச்சைத் தொடங்கினோம்.

குறிப்புப் பொருத்தமும் பார்த்த பிறகு, என் பெரியம்மா ஒரு பழைய தொடர்பை எடுத்துச் சொன்னார். என் அம்மம்மாவுக்கு ஓர் அண்ணர் இருந்தாராம். அவருடைய மகள்தான் பையனின் அப்பம்மா. ஆகவே பையனுடைய அப்பா எனக்கும் உறவு என்றும், அந்தக் கணக்கில் பையன் என் மகளுக்கு அண்ணன் முறை என்றும், இது செய்யக்கூடாத சம்பந்தம் என்றும் பெரியம்மா உறுதியாகச் சொல்கிறார். என் மாமா அதை ஏற்கவில்லை. அண்ணன், தங்கை வழியாக இறங்கியவர்கள் எத்தனை தலைமுறை ஆனாலும் மச்சான், மச்சாள்தான் என்பது அவருடைய வாதம்.

இருவரும் எண்பதைக் கடந்தவர்கள். இருவரையும் மறுத்துப் பேச எங்களுக்கு மனமில்லை. ஆனால் இருவர் சொல்வதும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது. தூரத்து உறவில் முறையை எப்படிக் கணக்கிடுவது? இரண்டு வழிகள் இரண்டு முறைகளைக் காட்டினால் எதை எடுப்பது? அம்மம்மாவும் அந்த அண்ணரும் உண்மையில் உடன்பிறந்தவர்கள்தானா என்பதை உறுதிப்படுத்த ஏதாவது வழி இருக்கிறதா? எங்கள் வீட்டுப் பத்திரங்களில் பாதிக்கு மேல் 1990இல் போய்விட்டன.

பதில்: தம்பலகாமத்தான்

தங்கச்சி, கணக்கை மற்றவர்கள் சொல்லட்டும். நான் ஒன்றை மட்டும் கேட்கிறேன்: உங்கள் மகளுடைய சாமத்தியச் சடங்கில் தண்ணீர் வார்த்த மாமிமாரில் பையனுடைய தாயார் இருந்தாரா? ஊரறிய ஒருவர் மாமியாக நின்று தண்ணீர் வார்த்துவிட்டால், அந்த வீட்டுப் பிள்ளை மச்சான் என்பதை இரு பக்கமும் ஏற்றுக்கொண்டது என்றே எங்கள் பக்கத்தில் எடுப்பார்கள். கலியாண வீட்டில் தோழனாக நின்றவர் யார், செத்த வீட்டில் துடக்குக் காத்தவர்கள் யார், நெய்ப்பந்தம் பிடித்த பேரப்பிள்ளைகளின் வரிசையில் யார் நின்றார்கள் என்பவையும் அப்படித்தான். பழைய படங்களை எடுத்துப் பாருங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், நிலாவெளி

தம்பலகாமத்தார் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்கப்பட்டது கணக்கு என்பதால் கணக்கையே முதலில் சொல்கிறேன். இந்த விடயத்தில் உங்கள் பெரியம்மாவின் கணக்குச் சரி. மாமாவின் கணக்குப் பாதியில் நின்றுவிட்டது.

அண்ணனும் தம்பியும், அல்லது அக்காவும் தங்கையும் பெற்ற பிள்ளைகள் தங்களுக்குள் சகோதரர்கள். அண்ணனும் தங்கையும் பெற்ற பிள்ளைகள் தங்களுக்குள் மச்சான், மச்சாள். இது எல்லோருக்கும் தெரிந்ததே. தெரிந்த இந்த விதியை மேலே உள்ள உடன்பிறப்பில் ஒருமுறை மட்டும் பயன்படுத்திவிட்டுக் கீழே ஓடி வந்துவிடுவதால்தான் பிழை வருகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் நின்று, அங்கே இரு பக்கத்திலும் இருப்பவர் ஆணா பெண்ணா என்று பார்த்து, அதன் பிறகே அடுத்த படிக்கு இறங்க வேண்டும்.

உங்கள் வழியையே எடுப்போம். மேல்படியில் உங்கள் அம்மம்மாவும் அவருடைய அண்ணரும் இருக்கிறார்கள். ஒரு பக்கம் பெண், மறுபக்கம் ஆண். எனவே அவர்களுடைய பிள்ளைகளான உங்கள் அம்மாவும் பையனின் அப்பம்மாவும் மச்சாள்மார். அடுத்த படியில் இரு பக்கமும் பெண்கள். மச்சாள்மார் இருவரின் பிள்ளைகள் மச்சான், மச்சாளாகவே தொடர்வார்கள். ஆகவே பையனின் அப்பா உங்களுக்கு மச்சான். மாமா நின்றது இந்த இடத்தில்தான். அதற்கடுத்த படியில் உங்கள் பக்கம் நீங்கள், பெண். அவர்கள் பக்கம் பையனின் அப்பா, ஆண். ஒரு பெண்ணுக்கு மச்சான் முறையானவர் அவளுடைய பிள்ளைகளுக்குச் சித்தப்பா அல்லது பெரியப்பா முறை. ஏனெனில் அவர் அவளுக்குக் கணவனாக வரக்கூடிய முறையில் இருந்தவர். சித்தப்பாவின் மகன் அண்ணன் அல்லது தம்பி. பெரியம்மா சொன்னது இதைத்தான்.

இதைச் சுருக்கிச் சொல்லவும் ஒரு வழி உண்டு. பொதுவான உடன்பிறப்புகளில் தொடங்கி, கேள்விக்குரிய இருவரின் பெற்றோர் வரைக்கும், ஒரு பக்கம் ஆணும் மறுபக்கம் பெண்ணுமாக அமைந்த படிகளை மட்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் மச்சான் முறை. இரட்டைப்படை என்றாலும், அப்படியொரு படியே இல்லை என்றாலும் சகோதர முறை. உங்கள் வழியில் அத்தகைய படிகள் இரண்டு. கணவர் வழியில், மேலே சகோதரிகள் இருவர், அது எண்ணிக்கையில் சேராது. அடுத்த படியில் உங்கள் கணவர் ஆண், பையனின் தாயார் பெண். ஆக ஒன்று, மச்சான் முறை. எத்தனை தலைமுறை தள்ளிப் போனாலும் இந்த எண்ணிக்கை பிசகாது.

கேள்விக்குரிய இருவரும் ஒரே படியில் நிற்காவிட்டால், அதாவது ஒருவர் ஒரு தலைமுறை மேலே இருந்தால், இளையவருடைய தாய் அல்லது தந்தைக்கு அந்த மூத்தவர் என்ன முறை என்று முதலில் காண வேண்டும். அங்கிருந்து மாமாவா சித்தப்பாவா என்பது தானாக வரும். இலங்கையில் இது பெரும்பாலும் குழம்புவதில்லை. தமிழ்நாட்டில் தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டும் வழக்கம் இருப்பதால் ஒரே ஆள் ஒரு பக்கம் மாமனாகவும் மறுபக்கம் மைத்துனராகவும் வந்து நிற்பார். எங்கள் பக்கத்தில் அந்த வழக்கம் இல்லை என்பதோடு, 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 16ஆம் பிரிவே சகோதரன் மகளையும் சகோதரி மகளையும் மணம் செய்வதைத் தடுக்கிறது. அதே பிரிவு ஒன்றுவிட்ட சகோதரர்களைத் தடுக்கவில்லை. ஆகவே உங்கள் விடயம் சட்டத்துக்குள் வருவதே இல்லை. அது முழுக்க முறை பற்றியது.

இரண்டு வழிகள் மோதினால் எது என்பது கணக்கால் தீராது. எல்லோரும் முறை பார்த்தே கட்டியிருந்தால் இரு வழிகளும் ஒரே விடையைத்தான் தரும். மோதுகிறது என்றால், இடையில் ஏதோ ஒரு திருமணம் பழைய தொடர்பு தெரியாமலோ, அது தூரம் என்று விடப்பட்டோ நடந்திருக்கிறது என்று பொருள். உங்களுடைய திருமணமாகவும் இருக்கலாம், பையனுடைய பெற்றோரின் திருமணமாகவும் இருக்கலாம். அதில் குற்றம் எதுவும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் கிட்டிய வழியையும் புழங்கிய வழியையும் எடுப்பதே முறை என்பது என் கருத்து. கணவர் வழியில் உடன்பிறப்புகள் பிள்ளைகளின் பாட்டிமார். உங்கள் வழியில் அதற்கும் ஒரு தலைமுறை மேலே இருக்கிறார்கள். அது தவிர ஒரு கேள்வி: பையனுடைய அப்பாவை நீங்கள் இதுவரை என்னவென்று அழைத்து வந்திருக்கிறீர்கள்?

பதில்: ரொறன்ரோவிலிருந்து ஒருவர்

ஊர் அன்புவழிபுரம், இருப்பது கனடாவில். இங்கே பலர் இப்போது எச்சிலை ஒரு குழாயில் இட்டு அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்து உறவு தேடுகிறார்கள். உங்கள் வீட்டில் எவராவது அந்த யோசனையைச் சொன்னால், அதனால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்காது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

ஒன்றுவிட்ட சகோதரர்கள் சராசரியாக 12.5 சதவீத மரபணுவைப் பகிர்கிறார்கள். இரண்டுவிட்டவர்களுக்கு, அதாவது ஒன்றுவிட்டவர்களின் பிள்ளைகளுக்கு, அது 3 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். மூன்றுவிட்டவர்களுக்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. மூன்றுவிட்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு சோடிக்குப் பொதுவான துண்டு எதுவுமே அகப்படாமல் போவதும் உண்டு. பெரியம்மாவின் மகனுக்கும் மாமாவின் மகனுக்கும் இந்த அளவில் எந்த வேறுபாடும் இல்லை. எனவே இயந்திரத்துக்கு அண்ணனும் மச்சானும் ஒன்றுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் ஊர்களில் மச்சாளைக் கட்டுவதும், ஒரு வீட்டு அண்ணன் தங்கையும் மறு வீட்டு அண்ணன் தங்கையும் மாறிக் கட்டுவதும் சாதாரணம். அப்படி மாறிக் கட்டியவர்களின் பிள்ளைகள் ஒன்றுவிட்டவர்களாக இருந்தும் 25 சதவீதம் பகிர்வார்கள். பரிசோதனை நிறுவனங்கள் இத்தகைய உள்வட்டத் திருமணங்களைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு இரண்டுவிட்ட உறவு என்று காட்டிய ஒருவரை அம்மாவின் உதவியோடு தேடிப் பிடித்தால், அவர் மூன்று வெவ்வேறு வழிகளில் மூன்றுவிட்ட, நான்குவிட்ட உறவாக இருந்தார். அந்த முடிவை வைத்துக்கொண்டு தலைமுறையைக் குறித்திருந்தால் முழு வம்சக் கொடியும் கோணியிருக்கும்.

பதில்: கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை பார்த்தவர்

உடன்பிறந்தவர்கள்தானா என்பதை உறுதிப்படுத்தும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதலில் தேட வேண்டியது இருவருடைய மரணச் சான்றிதழ்கள். பலர் பிறப்புச் சான்றிதழையே தேடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்தத் தலைமுறையில் பிறப்பைப் பதியாதவர்கள் பலர் இருந்தார்கள். மரணப் பதிவில் இறந்தவருடைய தந்தையின் பெயரும் தாயின் பெயரும் இருக்கும். மரணத்தை அறிவித்தவர் யார், அவர் இறந்தவருக்கு என்ன உறவு என்பதும் இருக்கும். அம்மம்மாவின் சான்றிதழிலும் அண்ணரின் சான்றிதழிலும் பெற்றோர் பெயர்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வீட்டில் பிரதி இல்லாவிட்டால், இறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவு இலக்கம் தெரியாவிட்டாலும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்று தெரிந்தால் தேடிப் பார்க்கச் சொல்லிக் கேட்க முடியும்.

அடுத்த தலைமுறைக்கு வந்தால், பிறப்புச் சான்றிதழில் தந்தை வழிப் பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் கேட்கப்பட்டிருக்கும். உறவு தேடுபவர்களுக்காக அது வைக்கப்பட்டதல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தில் தந்தையும் தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் எங்கே பிறந்தார்கள் என்பதே அடிப்படையாக இருந்ததால் அந்தத் தகவல் முக்கியமானது. நோக்கம் எதுவாயினும், ஒரு தாளில் மூன்று தலைமுறை கிடைக்கிறது.

ஆனால் அது ஆண் வழியை மட்டும் பிடிக்கும். பெண் வழிக்குக் காணி உறுதிகளைப் பாருங்கள். கிழக்கில் தாய் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதுவதும், மருமகன் அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் வழக்கம் என்பதால், ஒரு வளவின் உறுதிகளைப் பின்னோக்கி அடுக்கினால் அம்மா, அம்மம்மா, அவருடைய அம்மா என்று வரிசை கிடைக்கும். நன்கொடை உறுதியில் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் உள்ள உறவு பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். வீட்டுப் பிரதி தொலைந்திருந்தாலும் காணிப் பதிவகத்தில் பதிவு இருக்கும்.

பெயர்களில் கவனம் தேவை. எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர்தான் முன்னால் வரும். பேரனுக்குப் பாட்டன் பெயரை வைக்கும் வீடுகளில் கந்தையா சின்னத்தம்பியின் மகன் சின்னத்தம்பி கந்தையா, அவருடைய மகன் மறுபடியும் கந்தையா சின்னத்தம்பி என்று போகும். ஆண்டைப் பார்க்காமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டனையும் பேரனையும் ஒரே ஆளாக எழுதிவிட்டுப் பிறகு இழுபட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

அம்மம்மாவின் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்னும் நினைவுப் பாடல் நூலோ நினைவு மலரோ அச்சிட்டிருந்தால் அதையும் தேடுங்கள். வம்ச விபரம் இருக்கும் பக்கத்தை எவரும் வாசிப்பதில்லை. இந்த வேலைக்கு அதுதான் பயன்படும். பழைய வீரகேசரி, தினகரன் மரண அறிவித்தல்களும் அப்படியே. இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு சகோதரியும், இன்னாரின் மைத்துனியும் என்று போகும் அந்த நீண்ட வாக்கியத்தில் நாலு வீட்டுத் தொடர்பு இருக்கும். ஆனால் அங்கே சகோதரர் என்று போட்டால் அது ஒன்றுவிட்ட சகோதரராகவும் இருக்கலாம்.

கத்தோலிக்கக் குடும்பங்கள் என்றால் கோவில் விவாகப் பதிவேட்டையும் பாருங்கள். நெருங்கிய இரத்த உறவினர் மணம் செய்யும்போது திருச்சபையின் விதிவிலக்குப் பெற வேண்டும் என்பதால் அது அங்கே குறிக்கப்பட்டிருக்கும்.

பதில்: கிண்ணியா வாசகி

எங்கள் மார்க்கத்தில் பெரியம்மாவின் மகனையும் சாச்சாவின் மகனையும் மணம் செய்யத் தடையில்லை; ஒரே தாயிடம் பால் குடித்தவர்களுக்குத்தான் தடை. இருந்தும் எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் அண்ணன் முறை என்றால் முகம் சுளிப்பார்கள்; மச்சான் முறை என்றால் மகிழ்வார்கள். உறவைத் தேடுவதற்கு எங்களுக்கு உதவியது நிக்காஹ் பதிவில் உள்ள வொலியின், அதாவது மணப்பெண்ணுக்குப் பொறுப்பாக நிற்பவரின், பெயர். தகப்பன் உயிரோடு இல்லாத பெண்ணுக்கு வாப்பாவின் வாப்பாவோ, சகோதரனோ, வாப்பாவின் சகோதரனோ வொலியாக நிற்பார் என்பதால், அந்த ஒரு பெயரை வைத்தே தகப்பன் வழியை ஒரு தலைமுறை மேலே கொண்டுபோக முடிந்தது.

பதில்: உவர்மலை வாசகி

அனைவருக்கும் நன்றி. சில விடயங்கள் கிடைத்திருக்கின்றன.

அம்மம்மாவின் நினைவு மலர் என் தங்கையிடம் இருந்தது. அதில் வம்சப் பக்கத்தில் அந்த அண்ணரின் பெயர் உடன்பிறந்தவர்களின் வரிசையில் இல்லை. அம்மம்மாவின் தாயாருக்கு ஒரு தங்கை இருந்ததாகவும், அந்தத் தங்கையின் மூத்த மகன்தான் அவர் என்றும் போட்டிருக்கிறது. பெரியம்மாவிடம் கேட்டபோது, அவர் சின்னம்மாவின் மகன்தான், ஆனால் ஒரே வளவில் வளர்ந்ததால் அண்ணர் என்றே சொல்லிப் பழகிவிட்டது என்றார். இதனால் ஆசிரியர் ஐயா சொன்ன கணக்கு மாறுமா?

பையனுடைய அப்பாவை நான் திருமணமான நாளிலிருந்து அண்ணா என்றுதான் அழைக்கிறேன். கணவரின் தங்கையை மணந்தவர் என்பதால் அப்படித்தான் அழைக்கச் சொன்னார்கள். என் கணவரும் அவரும் ஒருவரையொருவர் மச்சான் என்கிறார்கள். ஆனால் என் பெரியம்மா மட்டும் அவரை மருமகன் என்று அழைப்பதை இப்போதுதான் கவனித்தேன். சாமத்தியச் சடங்கில் பையனுடைய தாயார் தண்ணீர் வார்த்திருக்கிறார். படத்தில் இரண்டாவதாக நிற்கிறார்.

பதில்: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், நிலாவெளி

முறை மாறாது, தூரம் மாறும். சகோதரிகள் இருவரின் பிள்ளைகள் என்பதால் அம்மம்மாவுக்கு அவர் அண்ணன் முறைதான். கூடுதலாக வந்த மேல்படியில் இரு பக்கமும் பெண்கள்; ஆகவே அது எண்ணிக்கையில் சேராது. விடை இன்னும் இரண்டு, இன்னும் சகோதர முறை. ஆனால் பிள்ளைகள் அந்த வழியில் மூன்றுவிட்டவர்கள் என்று எண்ணியிருந்தது இப்போது நான்குவிட்டவர்கள் என்று ஆகிறது. கணவர் வழியில் அவர்கள் இரண்டுவிட்டவர்கள்.

அழைக்கும் சொல்லைக் கேட்டதன் காரணமும் இதுவே. இரத்தக் கணக்கில் பையனின் அப்பா உங்களுக்கு மச்சான். நீங்களோ இவ்வளவு காலமும் அண்ணா என்று அழைத்து வந்திருக்கிறீர்கள். அதாவது உங்கள் திருமணத்தன்றே இரு வீட்டாரும் கணவர் வழியை எடுத்துக்கொண்டு பழைய வழியை விட்டுவிட்டார்கள். பெரியம்மாவின் வீடு மட்டும் பழைய வழியிலேயே நிற்கிறது. அவருடைய மச்சாளின் மகன் அவருக்கு மருமகன்தானே. நானாக இருந்தால் இந்தச் சம்பந்தத்தை முறை தவறியது என்று சொல்லமாட்டேன். பெரியம்மாவின் கணக்குச் சரியானது என்பதை மட்டும் அவரிடம் முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அதை ஒருவரும் ஒப்புக்கொள்ளாததால்தான் அவர் இவ்வளவு உறுதியாக நிற்கிறார் என்று நினைக்கிறேன்.

பதில்: உவர்மலை வாசகி

நேற்று மாமாவையும் பெரியம்மாவையும் ஒன்றாக இருத்தி, படிகளைத் தாளில் வரைந்து காட்டினோம். மாமா மூன்றாவது படியைப் பார்த்துவிட்டுத் தன் வாதத்தை விட்டுவிட்டார். பெரியம்மா, கணவர் வழி கிட்டியது என்பதை ஏற்றுக்கொண்டார். ஆனால் தாலி கட்டும்வரை பையனைப் பேரன் என்றே கூப்பிடுவேன் என்கிறார். எந்த வழியில் பார்த்தாலும் பேரன் என்பது பேரன்தான் என்பதால் அதில் எவருக்கும் ஆட்சேபனை இல்லை. அண்ணரின் மரணச் சான்றிதழுக்கு மூதூர்ப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கப் போகிறோம். தாயின் பெயர் நினைவு மலரோடு பொருந்தினால் கொடியில் சேர்த்துவிடுவோம்.